ஏழாம் மேசை ஆட்டம்

சுதர்ஷினி ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பிராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். மகன் அஜந்தன் கொழும்புக்கு வேலைக்குப் போகுமுன் அவளுக்குச் சதுரங்கம் ஆடப் பழக்கிவிட்டிருந்தான். அவன் போன பிறகு, பின்னேரங்களில் போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடினாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஆட்கள் வெளியூர் போய், பாதிக் காம்பிராக்களுக்குப் பூட்டு. பேச ஆளில்லை. பதுளையில் எல்லா வயதினருக்கும் போட்டி என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டாள்.

கடைசிச் சுற்றில், ஏழாம் மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவர் பசறையில் துணிக்கடை வைத்திருக்கும் மர்ஸூக். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றழைத்தாள். அவளுக்குக் கறுப்புக் காய்கள். அவருடைய முதல் சிப்பாய்க்குப் பிரெஞ்சுத் தற்காப்பால் பதில் சொன்னாள். அதில் பலகையின் நடுப்பகுதி நெருக்கமாகி ஆட்டம் நீளும். அதனாலேயே அவளுக்கு அது பிடிக்கும். மர்ஸூக்கோ மூன்றாவது நகர்விலேயே நடுச் சிப்பாய்களை வெட்டி மாற்றிக்கொண்டார். இருபக்கமும் ஒரே அமைப்பு; சீக்கிரம் சமநிலையில் முடியக்கூடிய ஆட்டம். கொஞ்ச நேரத்தில் ராணிகளும் போயின. பசறை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சமநிலையாக முடித்துக்கொள்வோமா என்று கேட்டார். அவள் மறுத்துவிட்டாள்.

ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து, அவள் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அது முடியக்கூடாது என்றிருந்தது அவளுக்கு.

காய்கள் குறைந்து, கடைசியில் ராஜாக்களோடு ஆளுக்கொரு குதிரையும், அவளுக்கு மட்டும் ஒரு சிப்பாயும் மிஞ்சின. குதிரையை முன்னே வைத்தால் சிப்பாய் ராணியாகிவிடும். அவர் தோற்று எழுந்து போய்விடுவார். இன்னும் கொஞ்சம் ஆடலாமென்று குதிரையைப் பின்னால் எடுத்தாள். மர்ஸூக் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் குதிரையைப் பலிகொடுத்து அந்தச் சிப்பாயை வெட்டினார். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு ராஜாக்களும் அவளுடைய ஒற்றைக் குதிரையும்தான் மிச்சம். இனி யாரும் வெல்ல முடியாது.

"வெல்ற ஆட்டத்த ஏன் தங்கச்சி விட்டீங்க?"

"முடிஞ்சிருமேன்னுதாங்க நானா. வீட்டுக்குப் போனா யாரும் இல்ல."

மர்ஸூக் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய பஸ் போய்விட்டிருந்தது. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டாள். அவர் காய்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

"அடுத்த பஸ் வர்ற வரைக்கும் இன்னொண்டு ஆடுவமா?"

அவள் சிப்பாயைத் தொடுமுன் போட்டி நடத்துபவர் வந்து, மண்டபத்தைப் பூட்ட வேண்டுமென்று பலகையை எடுத்துக்கொண்டார்.

பஸ் நிலையம்வரை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். நடுவில் பலகை இல்லாமல் பேச எதுவும் வரவில்லை. ஹாலிஎல பஸ் முதலில் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அவர் போனில் மனைவியிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.