கஸ்டம்ஸ்காரர் வீட்டுக் கஞ்சா

கிரிகரி மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகச் சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லோரியில் கஞ்சா எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் அவர் மூக்குக்குத் தப்பாது. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் மகள் ஷார்மைன், "டாடி, நம்ம மூளைக்குள்ளயே கஞ்சா மாதிரி ஒண்ணு ஊறுது லா," என்றால் எப்படி இருக்கும்?

"என்னடி ஒளர்ற?"

ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். பொறுமையாக விளக்கினாள். அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ள மூளையிலும் உடம்பிலும் ஏற்பிகள் இருக்கின்றன. வயதாக ஆக அந்த ஏற்பாடு தளர்ந்துபோகிறது. ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகள் சீக்கிரமே கிழடு தட்டி, பழகிய வழியைக்கூட மறந்துவிட்டன.

"அப்ப மம்மிக்கு அத குடுத்தா...?" கேட்டது தன் வாய்தானா என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"எலிக்குத்தான் பாத்திருக்கோம் டாடி. மறதிக்கு மருந்துன்னு சொல்ல முடியாது. ஆனா நடந்தா உடம்பே அத கொஞ்சம் கூடுதலா சுரக்கும். தினம் வாக்கிங் கூட்டிட்டுப் போங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். மனைவி சாந்தமேரி வர வேண்டுமே! மறதி வந்ததிலிருந்து அவள் மனசுக்குள் வயது இருபத்தைந்து, பிரிக்பீல்ட்ஸில் புதுக் குடித்தனம். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தலை நிறைய மல்லிகையோடு அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்காருவாள். அந்த நாள்களுக்கு அவள் மட்டும் திரும்பிப் போய்விட்டாள், இவரை வெளியே நிறுத்திவிட்டு.

சாயங்காலம் அவளுடைய செருப்பை எடுத்து வைத்து, "வா, நடந்துட்டு வரலாம்," என்றார்.

"நான் கல்யாணம் ஆனவ, அங்கிள். வேற ஆம்பள கூட எப்படி வருவேன்?"

அங்கிளாம்! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டார். மறுநாளும் இதே கதை. நடக்காமல் கிடந்தால் இருக்கிற கொஞ்ச நினைவும் போய்விடுமோ என்று பயந்து, அதற்கடுத்த நாள் ஒரு பொய் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேம்மா. போயிட்டு வரச் சொன்னாரு."

"கிரிகரியா? நெசமா?"

"நெசமா."

செருப்பை மாட்டிக்கொண்டாள். நாலு வீடு தாண்டியதும் அவள் முகம் தெளிந்தது, நடையிலும் வேகம் கூடியது. கிரிகரி மூச்சு வாங்கக் கூடவே போனார்.

"சீக்கிரம் திரும்பிடணும், அங்கிள்," என்றாள். "அவரு டியூட்டி முடிஞ்சு வந்து, என்னைக் காணோம்னா தவிச்சுப் போயிடுவாரு."

"ஆமாம்மா," என்றார் கிரிகரி. "தவிச்சுத்தான் போயிட்டாரு."