பானெட் ஏன் சூடாக இருக்கிறது

சோபாக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தப் பழைய பிக்கப் வண்டியைப் பற்றி அவர் அளவுக்குப் பேசியவர் தெருவில் யாரும் கிடையாது. ஓட்டியதெல்லாம் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் இவரும் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார். வண்டி நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரை நலம் விசாரித்துவிட்டு நின்றது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில், பக்கத்து சீட்டே நமக்குப் போதுமடா சாமி என்று முடிவு செய்துவிட்டார். அதன்பிறகு இவர் சோபா தைப்பார், அவள் கொண்டுபோய் இறக்குவாள். தெருவில் அவளுக்கு டிரைவரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது டிரைவரம்மாவுக்குக் கண் சரியில்லை. ஓரத்தில் இருப்பது தெரிகிறது. நேர் எதிரே இருப்பதுதான் மங்கிக் குழம்பிவிடுகிறது. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியூரில் இருக்கும் மகள் போனிலேயே அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சோபாக்காரர் தன் பங்குக்கு வண்டிச் சாவியைப் பட்டறையில் ஆணி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தார். பெரிய பெட்டகத்தில் பூட்டியது மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி.

ஓடாத வண்டியைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? உதிரி வியாபாரி ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். எஞ்சினைக் கழற்றி ஒருத்தருக்கு, கதவுகளை ஒருத்தருக்கு, மிச்சத்தை எடைக்கு என்று கறிக்கடையில் பங்கு போடுகிற மாதிரி அவள் எதிரிலேயே சொன்னான். டிரைவரம்மா உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து சோபாக்காரருக்கு மனசு ஆறவில்லை. வண்டியை ஓட்டுகிறவர் கையில்தான் கொடுக்க வேண்டும், உடைக்கிறவன் கையில் கொடுக்கக் கூடாது என்று தலையால் தண்ணீர் குடித்து ஆள் தேடினார். கடைசியில் செடிப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண் அகப்பட்டாள். தொட்டிகள் ஏற்றிப் போகப் பழைய பிக்கப்தான் வேண்டும் என்றாள். அவள் வேண்டாம் என்றுவிட்டால் மறுநாள் உதிரி வியாபாரி வந்துவிடுவான்.

பார்க்க வருவதாகச் சொன்ன நாளில், காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள் செடிக்காரப் பெண். முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும். தோளில் துணிப்பை, நகத்தில் மண். சோபாக்காரர் முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வண்டியின் பெருமையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒத்திகையும் பார்த்திருந்தார்.

அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. நேரே கொட்டகைக்குள் நுழைந்து, வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், உள்ளங்கையை எஞ்சினை மூடியிருக்கும் பானெட் மேல் வைத்தாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஐயா, காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்லையேம்மா. யாரு பண்ணப் போறா? எனக்கு ஓட்டவே தெரியாது."

"பானெட் சூடா இருக்கே."

"வெயில் பட்டிருக்கும்" என்றார். கொட்டகைக்குள் வெயில் எட்டிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சந்தேகத்தோடு தானும் கையை வைத்தார். நன்றாகவே சுட்டது.

"போன தடவை இப்படித்தான் ஏமாந்தேன்" என்றாள் செடிக்காரப் பெண். "நான் போறதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தாங்க. சாவியத் திருப்பினதும் கும்முனு கிளம்புச்சு. நானும் ஆசையா வாங்கிட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில திருப்பினா அசையவே இல்ல. ராத்திரி ஆறிப்போனா அப்புறம் உயிரே வராத எஞ்சின் அது. அதை மறைக்கத்தான் அந்தச் சூடு. அதனால இப்பல்லாம் முதல்ல கையத்தான் வைக்கிறேன்."

"சத்தியமாச் சொல்றேன்மா. இந்த வண்டிய யாருமே தொடல. சாவி என்கிட்டதான் இருக்கு."

சத்தியம் செய்த கை சூடான பானெட் மேலேயே இருந்தது. அது அவருக்கே அசிங்கமாகப் பட்டு மெல்ல எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் பஞ்சுக்குப் பதில் கந்தலைத் திணித்தார் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதில்லை. இன்று ஒரு சின்னப் பெண் தன்னைப் பொய்யன் என்று பார்க்கிறாள்.

"வண்டில குறை இருந்தாப் பரவாயில்லைங்க ஐயா. பழைய வண்டின்னா இருக்கும். சொல்ற ஆளு மேல நம்பிக்கை போயிட்டா, அப்புறம் பார்க்க என்ன இருக்கு?" அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை ஏற்றிப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"நில்லும்மா."

கொல்லைப்புறக் கதவில் டிரைவரம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரத்துணி.

"அவரு பொய் சொல்லல. அவருக்குத் தெரியாது. காலையில நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

சோபாக்காரர் அவள் பக்கம் திரும்பினார். இடி விழுந்தாலும் எழுந்திருக்காத தூக்கம் அவருடையது. அதைத் தெரிந்தவள் அவள்தான்.

"சாவி?" என்றார்.

"ஆணி டப்பாலதான் இருந்தது. நீங்க ஒளிச்சு வைக்கிற இடம் உங்களுக்கு மட்டும்தான் ரகசியம்." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "எனக்குக் கண்ணு சரியில்லம்மா. ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீ வந்து கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டணும்னு தோணுச்சு. ஓட்டினேன். வேற எதையும் மறைக்கல. எஞ்சின் ஆறட்டும், நீயே ஸ்டார்ட் பண்ணிப் பாரு. அதுவரைக்கும் மத்ததெல்லாம் பாரு. நீ பார்க்க மறந்ததை நான் காட்டறேன்" என்றாள்.

செடிக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்தாள்.

பைக்குள்ளிருந்து ஒரு டார்ச்சும், ஒரு சுத்தியலும், துணியில் சுற்றிய காந்தமும் வெளியே வந்தன. காந்தத்தைக் கதவின் மேல் வைத்து மெதுவாகக் கீழே நகர்த்தினாள். ஒட்டிக்கொண்டே வந்தது, அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது.

"இங்க தகரம் இல்ல. பட்டி பூசிப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க."

"ஆமா. ஒரு வீட்டு கேட்டுத் தூண் பண்ணின வேலை அது. பின்னாடி எடுக்கறப்ப இவரு கீழ நின்னு 'வா, வா, வா'ன்னாரு. வா வான்னு சொல்லிக்கிட்டே அந்த வீட்டுக்காரரோட பேச்சு. நான் வந்துக்கிட்டே இருந்தேன்."

மற்ற நாளாக இருந்தால் சோபாக்காரர் இதற்கு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். தூண்தான் குறுக்கே வந்தது என்பது அவர் கட்சி. இன்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொட்டகைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் வண்டிக்குள் கிடந்த மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டை அழுத்திப் பார்த்தாள். ஆயில் மூடியைத் திருகி, அடியில் தண்ணீர் கலந்த ஆயில் பால் மாதிரி வெளுத்துப் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தாள், இல்லை. முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். குனிந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். டங், டங் என்று மணியாகக் கேட்ட சத்தம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மந்தமாகியது.

"அதேதான்" என்றாள் டிரைவரம்மா. "ஸ்பிரிங் மாட்டுற இடம். துரு அரிச்சு ஒட்டுப் போட்டிருக்கு. வெளியே பளபளன்னு இருக்குன்னு ஏமாறாத. அந்த ஒட்டை மறுபடி பிரிச்சு நல்லாப் போட்டுக்கோ. அதுவரைக்கும் பாரம் அதிகமா ஏத்தாத."

விற்கிறவளே இப்படிச் சொன்னால் வாங்குகிறவள் என்ன செய்வாள்? அந்தப் பெண் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். பிறகு உள்ளே ஏறி, நீள சீட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலை விலக்கி ஸ்பிரிங்கைப் பார்க்கப் போனவள், "இதென்ன, உரிக்க உரிக்க வந்துட்டே இருக்கு?" என்றாள்.

முக்காலியில் இருந்தவர் நிமிர்ந்தார். கேட்டது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்கு மேல் அவரால் வாயை அடக்க முடியவில்லை.

"பழசைப் பிரிக்க மாட்டேன்மா. அது மேலேயே புதுசு போட்ருவேன்" என்று எழுந்து வந்தார். "யாருக்காவது சோபா தச்சு துணி மிஞ்சினா இதுக்குத்தான். இந்தப் பச்சை ஒரு வாத்தியார் வீட்டுது. இந்தக் கட்டம் போட்டது ஒரு ஓட்டல் வரவேற்பறைக்கு. இது, இந்த ஊதா, வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க பொண்ணு அழுது இதுக்குப் போட வச்சா. அப்ப அவ பின்னாடி ஏத்தின சோபாலேயே ஏறிப் படுத்துத் தூங்கிருவா. வாடிக்கையாளர் வீட்டுல இறக்கறப்ப, சோபாவோட பொண்ணையும் சேர்த்துத் தர்றீங்களான்னு கேட்பாங்க."

டிரைவரம்மா சிரித்தாள். அவரும் சிரிக்கத் தொடங்கி, தான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு துணிக்கும் ஒரு மழை, ஒரு வழி தெரியாத சந்து, இறக்கிவிட்டுத் திரும்பும்போது இவர் சொன்ன கதை, அவள் போட்ட அதட்டல். அதெல்லாம் எவ்வளவு சந்தோஷமான நாட்கள் என்று அப்போது ஒருத்தராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பெண் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தாள். காலணி மட்டும் வெளியே தெரிந்தது. அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருந்தார் சோபாக்காரர். மனைவியைக் கையைப் பிடித்துக் கொட்டகை வாசலுக்கு இழுத்து வந்தார்.

"திட்டணும்னா திட்டிருங்க" என்றாள்.

"திட்டல. இத்தனை வருஷத்துல நான் ஏறாம இந்த வண்டி எங்கயாவது போயிருக்கா? ஒரு நாளாவது? கடைசித் தடவை போறப்ப என்னை விட்டுட்டுப் போயிட்டியேடி."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள்.

"நீங்க வந்தா எனக்கு உண்மை தெரியாதுங்க."

"என்ன உண்மை?"

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு சைக்கிள் வருது, பள்ளம் வருதுன்னு சொல்லிக்கிட்டே வருவீங்க. உங்க கண்ணுல நான் ஓட்டிருவேன். அப்புறம் டாக்டர் சொன்னது பொய், என்னால முடியும், நீங்கள்லாம் சேர்ந்து என் வண்டியப் பறிச்சுட்டீங்கன்னு சாகிற வரைக்கும் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருப்பேன். அது வேண்டாம்னுதான் தனியாப் போனேன்."

"போய்?"

"பள்ளிக்கூட முனையில ஒரு பால்காரர். நேர் எதிர்ல வந்திருக்காரு. எனக்குத் தெரியவே இல்ல. அவராத்தான் ஒதுங்கினாரு. ஒண்ணும் ஆகல. நிறுத்தித் திட்டினாரு, கண்ணு பொட்டையான்னு. ரோட்டுல என்னை யாராவது திட்டியிருக்காங்களா? ஆமாங்க, அப்படித்தான்னு சொல்லிட்டு முதல் கியர்லயே ஊர்ந்து வந்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்பத் தெரிஞ்சிடுச்சு. இனிமே கேட்க மாட்டேன்."

சோபாக்காரர் அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

எஞ்சின் ஆறுவதற்குள் இரண்டு சுற்று டீ ஆகிவிட்டது. செடிக்காரப் பெண் மறுபடி பானெட்டில் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சோக்கைப் பாதி இழு, ஆக்சிலேட்டரை மிதிக்காதே, அவசரப்படாதே என்றாள் டிரைவரம்மா. முதல் தடவை இருமி அடங்கியது. சோபாக்காரருக்கு உயிர் போய் வந்தது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. சைலன்சரில் கொஞ்சம் நீலப்புகை வந்து, பிறகு தெளிந்தது.

"ஒரு சுத்துப் போய்ட்டு வரேன். வாங்களேன் ஐயா கூட."

"வேண்டாம்மா. வேற யாரு ஓட்டினாலும் எனக்கு வயித்தக் கலக்கும்."

போய்விட்டு வந்தவள் கீழே இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகவே, "எடுத்துக்கறேன்மா. ஒட்டை இந்த வாரமே பிரிச்சுப் போட்ருவேன்" என்றாள். ஏற்கெனவே பேசியிருந்த விலையைக் கொடுத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் போட்டு, எல்லாம் வண்டியில் உட்கார்ந்தபடியே முடிந்தது. டிரைவரம்மா கதவை ஒரு தடவை தடவிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

வண்டி தெருவில் இறங்கி நேராகப் போனது. சோபாக்காரர் வாசலில் நின்றார். பக்கத்தில் நின்றவளோ வண்டி போகிற திசையைப் பார்க்காமல் எதிர்வீட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், பார்க்கத் தாங்கவில்லை என்று நினைத்து அவள் தோளைத் தொட்டார்.

"அழாதடி."

"யாரு அழறா? நேராப் பார்த்தா ஒண்ணும் தெரியலைங்க. இப்படித் திரும்பிக்கிட்டாத்தான் ஓரத்துல வண்டி தெரியுது. சும்மா இருங்க." சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். "ரெண்டாவது கியர் போட்டுட்டா. நிதானமாத்தான் போறா. முனையில நிக்கிறா... யாரோ குறுக்க வராங்க போல, போகட்டும்னு நிக்கிறா. நல்ல பொண்ணு. இதோ திரும்பிட்டா. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் சோபாக்காரர்.

அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கண் நிறையத் தண்ணீர் கட்டி நின்றதில், தெரு முழுவதும் மங்கிப்போயிருந்தது.