மருமகள் வருகிற ஞாயிறு

லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்பதால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். வேலை முடிந்து வந்ததும் பின்னறையில் பெடல் ஸ்டீல் கிடாரின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கால் வைத்த மேசை மாதிரியான வாத்தியம். இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கவிட்டு, கீழேயுள்ள மிதியை அழுத்தினால் சுரம் குழைந்து ஏறும். பகலெல்லாம் ஆளை ஏற்றி இறக்குகிறார், சாயங்காலம் சுரத்தை என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

மனைவி இறந்தபின் வீட்டில் அவர், மகன், மருமகள். மகன் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனான். ஒரு வருஷத்தில் மனைவியைக் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. ஒன்று இரண்டானது. போனும் குறைந்தது. மாமனாருக்கும் மருமகளுக்கும் சாப்பிட்டாயா, சாவி எங்கே என்பதைத் தாண்டிப் பேச எதுவுமில்லை.

அவளுக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் கீபோர்டில் தாளமோ பாட்டோ இல்லாத, புகைபோலப் பரவி நிற்கும் இசையை வாசிப்பாள். ஆம்பியன்ட் என்று அதற்குப் பெயராம். லிஃப்ட்காரருக்கு முதலில் அது ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் வாசிக்கையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அது அவருடைய சுரத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் இறங்கினால் கூடவே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மருமகள் கீபோர்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

அதிலிருந்து தினமும் சேர்ந்து வாசித்தார்கள். அவர் ஒரு சுரத்தை இழுத்துக் கரையவிடுவார். அது முழுசாக அடங்கும்வரை அவள் தாங்கிப் பிடிப்பாள். இருவர் மனசிலும் ஒரே ஆள்தான் இருந்தான். அவன் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

நூலக அரங்கில் வாசிக்க அழைப்பு வந்தது. அதற்குச் சில நாள் முன்னால் மகன் போன் பண்ணினான். இனி திரும்பி வரப்போவதில்லை, இங்கே வேறொருத்தியோடு இருக்கிறேன், உங்கள் மருமகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றான். அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

இரண்டு நாள் சொல்ல வாயெடுத்து விழுங்கினார். மூன்றாம் நாள் ஒத்திகையில் சுரம் பிசகியது. அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சா மாமா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "உனக்கு எப்பம்மா தெரியும்?"

"ரொம்ப நாளாவே."

"அப்புறம் ஏம்மா இங்கயே இருந்தே?"

அவள் கீபோர்டின் விளிம்பைத் துடைத்தாள். "இந்த ரூம்ல வாசிக்கும்போது மட்டும்தான் அவர் வந்துடுவார்னு தோணும். அதை விட மனசு வரல."

தனக்கும் அப்படித்தான் என்று அவர் சொல்ல நினைத்தார். இரும்புத் துண்டை எடுத்துக் கம்பிமேல் வைத்தார். அவளும் விரலை வைத்தாள்.

நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் முக்கால் அரங்குகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிப்போனார். விழித்ததும் அருமை என்றார்.

மறுமாதம் அவள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் தனி அறை பார்த்துக்கொண்டாள். போகாதே என்று சொல்ல எந்த உரிமையும் இல்லை என்று அவருக்குத் தெரியும். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். ஞாயிறு வருவேன் என்றாள். வாசலில் சொல்கிற வார்த்தைதானே என்று நினைத்துக்கொண்டார்.

வந்தாள். விடாமல் வந்தாள். ஆனால் நடுவிலுள்ள நாட்கள் அசையவே மாட்டேன் என்றன. தனியாக வாசித்தால் சுரம் சீக்கிரம் செத்துவிடுகிறது. பிடித்து நிறுத்த ஆளில்லை.

ஒரு ஞாயிறு இருவரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது மகனின் அழைப்பு வந்தது. திரையில் அவன் முகம். எத்தனை நாளாக ஏங்கிய முகம். லிஃப்ட்காரர் எடுத்தார்.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்கடா. அப்புறம் பேசறேன்" என்று வைத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் எதுவும் கேட்காமல் ஒரு தாழ்ந்த சுரத்தை எடுத்து நீட்டிக் காத்திருந்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மிதியை அழுத்தினார்.