அவர் கணக்கில் எழுந்து உட்கார்ந்தவள்

கூப்பிட்டவுடன் எழுந்து போய், அது இவர் இல்லை, நான்தான் என்று சொல்லிவிடலாம். உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிட்டால் அவமானம் பாதியாவது குறையும். சொல்லாமல் இருந்துவிட்டால்? யார் கண்டது, இன்றைக்கு ஒரு நாள் அவர் கால் அவர் பேச்சைக் கேட்டாலும் கேட்கும்.

மனதுக்குள் இப்படி முன்னும் பின்னுமாகப் போய்வந்துகொண்டிருந்தாள் அவள். மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், பிசியோதெரபி அறையின் வாசலில் போட்டிருந்த நாற்காலி வரிசையில் கடைசி அவளுடையது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் கணவர். இடது கை மடியில் கிடந்தது. தலையைப் படிய வாரி, காலரை இழுத்து நிமிர்த்திவிட்டு, பந்தயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். விசில் சார் என்றால்தான் தெருவில் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தார். இடது கையும் காலும் போயின. கால் எவ்வளவு திரும்பி வருமோ அதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில்தான் வரும், அதை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

"பாத்ரூமுக்கு நானே போகணும். நானே கதவைச் சாத்திக்கணும். அவ்வளவுதான்."

அவளும் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு பேரும் சுவரையே பார்ப்பார்கள்.

முதல் ஆறு வாரம் பிசியோதெரபி பெண் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கே வந்தாள். ஒல்லியான உடம்பு, சின்ன வயது, அப்பா அப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் விடமாட்டாள். இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அவள் படியிறங்கிப் போனதும், "நேத்து பொறந்தது எனக்கு நிக்கக் கத்துக்குடுக்குது" என்று ஆரம்பித்துவிடுவார். அப்படியே திட்டித் திட்டித்தான் ஆறாவது வாரம் மேசை விளிம்பைப் பிடித்தபடி எட்டு எண்ணும்வரை நின்றார். அன்றைக்கு மனைவி சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம்தான் போனில் பயிற்சி சொல்லித்தரும் அந்த ஆப் வந்தது. மருத்துவமனை கொடுத்தது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் போனில் இருந்தபடியே எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தாள். முழங்காலுக்கு மேலே ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை முறை எழுந்தோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்று பட்டை பார்த்துக்கொள்ளும். நேற்று முடிந்ததை வைத்து இன்றைய பயிற்சியை ஆப் தானே முடிவுசெய்யும். செய்த நாளுக்கு மகளின் போனில் ஒரு பச்சைக் கோடு விழும், செய்யாத நாளுக்குச் சாம்பல். இரண்டு வாரம் அந்தப் பெண்ணின் வருகையை நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள். தொடர்ந்து நன்றாகச் செய்துவிட்டால் அவளை இன்னும் மோசமாக இருப்பவர் யாருக்காவது அனுப்பிவிடுவார்கள்.

நாலு நாள் செய்தார். ஐந்தாம் நாள் போனிலிருந்து ஒரு குரல், "மிக நன்று, இன்னும் ஒரு முறை" என்றது. பட்டையை அவிழ்த்து வீசிவிட்டார். முப்பத்தாறு வருடம் மிக நன்று சொன்ன வாய் அது. அடுத்தவர் சொல்லிக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். கோடு சாம்பலாக இருக்கிறதே, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும்போதே குரல் உடைந்தது. வேலைக்கு நடுவே எங்கோ படிக்கட்டில் நின்று பேசுகிறாள் என்பது எதிரொலியில் தெரிந்தது. மறந்துட்டேம்மா, இதோ செய்யறேன் என்று போனை வைத்தவர் மனைவியைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் நீ கட்டிக்கோ."

அவள் உடையை ஒதுக்கிப் பட்டையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நாளிலேயே ஓடாதவள். அறுபத்தாறு வயது. மூன்றாவது முறையில் முழங்கால் கடகடவென்றது.

"இது என்ன எந்திரிக்கிறதா, மூட்டை தூக்குறதா? பாதத்தைப் பின்னாடி இழு. முதுகை நிமிர்த்து. மூச்சை அடக்காத."

அவள் இழுத்தாள், நிமிர்ந்தாள். அடுத்த முறை உடம்பு சிரமமில்லாமல் மேலே வந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டாள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த முகம் அது.

மறுநாள் யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆறரை மணிக்கு அவராகவே சட்டை மாற்றச் சொல்லி, நாற்காலியைச் சன்னலோரம் நகர்த்தச் சொன்னார். "கடைசி பெஞ்சு, வா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே பட்டையை எடுத்தாள்.

இரண்டு வாரத்தில் போனில் வாழ்த்துச் செய்தி வந்தது. முன்னேற்றம் சிறப்பாக இருப்பதால் இனி வீட்டு வருகை தேவைப்படாது, அடுத்த பரிசோதனை ஆறாம் மாதத்தில். சனியன் விட்டது என்றார் அவர். மகள் சந்தோஷத்தில் பேச முடியாமல் திணறினாள். மனைவி மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு எண்ணை அழுத்தி, அது நான் செய்தது, அந்தப் பெண்ணை அனுப்புங்கள் என்று சொன்னால் முடிந்துவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் ஆறரை மணிக்கு அவர் காத்திருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு தன்னைத்தானே குடைந்து பார்த்ததுண்டு. மகளுக்காக, அவர் மானத்துக்காக என்றெல்லாம் முதலில் பதில் வரும். அவற்றை விலக்கினால் அடியில் வேறொன்று இருந்தது. கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஊரார் பிள்ளைகளின் காலையும் கையையும் பார்த்தே கண்ணைத் தீர்த்துவிட்டு வருவார். வீட்டில் சாப்பாட்டைப் பார்ப்பார், பேப்பரைப் பார்ப்பார். இப்போது தினம் முக்கால் மணி நேரம் அவள் குதிகாலை, முழங்காலை, தோளை விட்டு அவர் கண் நகரவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்தை அவள் யாரிடம் சொல்ல முடியும்?

ஆப் அவளை அவர் என்று நினைத்து மேலே மேலே ஏற்றியது. குதிகால் உயர்த்துதல், ஒற்றைக் காலில் நிற்றல், படி ஏறி இறங்குதல். பல வருட முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. காய்கறிப் பையோடு மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள். அதே மாதங்களில் ஒரு நாள் காலையில், அவருக்கு மாட்டிவிட்ட காலுறை இடது காலில் நிற்காமல் கணுக்காலுக்குச் சரிந்தது. ஆடுசதை அவள் கைப்பிடிக்குள் அடங்கியது. அவள் காலுறையை மேலே இழுத்துவிட்டாள். மறுபடி சரிந்தது. மறுபடி இழுத்துவிட்டாள்.

பிசியோதெரபி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். அதே பெண்தான். கையில் போன் திரையை வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பு.

"முப்பது செகண்டுக்குப் பதினாலு தடவை எந்திரிக்கிறீங்கப்பா. எனக்கு ஒரே ஒரு தடவை காட்டுங்க போதும்."

அவர் வலது கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினார். இடுப்பு நாலு விரல் எழும்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ராத்திரி தூக்கமில்லை என்றார். மறுபடி முயன்றார். இந்த முறை நாலு விரலும் இல்லை.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். டேப் எடுத்து அவர் ஆடுசதையை அளந்தாள், ஒருமுறைக்கு இரண்டுமுறை. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தாள்.

"யாரும்மா செஞ்சது?"

"நான்தான்."

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண் திட்டவில்லை. நீங்கள் முப்பது செகண்ட் செய்யுங்கள் என்று நாற்காலியைக் காட்டிவிட்டு நேரத்தைப் பார்த்தாள். வேண்டுமென்றே மெதுவாகச் செய்யலாமா என்று அவளுக்குத் தோன்றியது. உடம்பு கேட்கவில்லை. பதினாறு முறை எழுந்தாள். பத்தாவது முறையில் பின்னாலிருந்து, பழக்கதோஷத்தில், அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"முதுகு வளையுது."

அந்தப் பெண் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"கடைசியா நான் வந்தப்போ எட்டு எண்ணுற வரைக்கும் நின்னாரும்மா."

"இனிமே?"

"வராதுன்னு சொல்ல மாட்டேன். வரும்னு சொல்லவும் முடியல. நாம விட்டது விடவே கூடாத மாசங்க."

தான் மறுபடி வீட்டுக்கு வர நாலு மாதமாவது ஆகும், காத்திருப்போர் பட்டியல் நீளம் என்றாள். ஆப்பில் இருந்த கணக்கை அழித்து முதல் நிலைக்குக் கொண்டுவந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே பத்து முறை கால்விரலை உயர்த்த வேண்டும், நாளைக்கே தொடங்க வேண்டும். அவர் மட்டும்தான் செய்ய வேண்டும்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பாலம் தாண்டியதும் அவர் சொன்னார்.

"நீ பன்னெண்டோட நிறுத்தியிருக்கணும். தேவையில்லாம பதினாறு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில் மனிதர்கள் சர்வசாதாரணமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவளே பட்டையை அவர் முழங்காலுக்கு மேல் கட்டிவிட்டாள். தொடையின் சுற்றளவு போதாமல் கடைசித் துளைவரை இறுக்க வேண்டியிருந்தது. போன் சொன்னது: கால்விரலை உயர்த்துங்கள். அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பாதம் அசையவில்லை. இன்னும் ஒரு முறை என்றது போன். அவர் வலது கையால் பட்டையை அவிழ்க்கத் தடவினார், இறுக்கத்தில் முடியவில்லை.

"இத எடு."

எடுத்தாள்.

"சாயங்காலம் புள்ள கூப்பிடுவா. சாம்பலைப் பாத்தா தாங்க மாட்டா."

அவள் எதிரே உட்கார்ந்து பட்டையைச் சுருட்டினாள்.

"எனக்கு இது வராது. உனக்கும் தெரியும், அந்தப் பொண்ணுக்கும் தெரியும்" என்றார். பிறகு, அவள் இதுவரை கேட்டிராத ஒரு மெல்லிய குரலில், "நீ கட்டிக்கோ. முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். நான் பாத்துட்டு இருக்கேன்" என்றார்.

நான் பாத்துட்டு இருக்கேன். அதைத்தான் அவள் நாற்பத்தோரு வருடம் கேட்காமல் இருந்தாள். அவர் கண்கள் இப்போதே அவள் முழங்காலுக்கு வந்துவிட்டிருந்தன. உடம்பு தானாக எழப் பார்த்தது. தொடையில் பலம் திரள்வதை உணர்ந்தாள், அது தன்னுடையதில்லை என்பது போலவும் உணர்ந்தாள்.

"வேண்டாங்க" என்றாள்.

"ஒரு நாள்."

"நான் கட்டிக்க மாட்டேன்."

அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.