சந்தனம் வைத்த கன்சோல்

விஜயதசமி காலையிலிருந்து நிறைமதியின் அண்ணன் செழியன் ஹாலில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறான்.

டிவிக்கு எதிரே நிற்கிறான். ஒரு கையில் கேம் கண்ட்ரோலர். இன்னொரு கையில் சுண்டல் கிண்ணம். கிண்ணத்தைச் சுண்டி ஒரு கடலையை மேலே எறிந்து வாயால் பிடிக்கப் போனவன். கடலை அவன் மூக்குக்கு மேலே காற்றில் நிற்கிறது. வாய் திறந்தே இருக்கிறது. "முதல்ல எதப் போடலாம், லூசு?" என்று தங்கையிடம் கேட்டதுதான் கடைசி.

அம்மா அவனைச் சுற்றிப் பெருக்கினாள். அவன் முழங்கையில் ஈரத் துண்டைக் காயப் போட்டாள்.

நடந்த தவறு சின்னதுதான். ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டிலுள்ள மிஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். தையல் மிஷின், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. இந்த வருடம் கேம் கன்சோலும் சேர்ந்தது. "அதுவும் கரண்ட்லதான ஓடுது?" என்றாள். பிரிக்காமல் சேர்ந்துபோயிருந்த கேம் டிஸ்குகளை மதியின் பாடப் புத்தகங்களோடு அடுக்கிச் சாமி முன்னால் வைத்தாள். அண்ணனின் கண்ட்ரோலரில் சந்தனத்தைத் தாராளமாக அப்பினாள். பொட்டு சரியாக 'நிறுத்து' பட்டனில் விழுந்தது. மறுநாள் காலை அவன் அதைக் கையில் எடுத்தபோது பட்டன் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

மதியின் கண்ட்ரோலருக்கு வருவதற்குள் சந்தனம் தீர்ந்துவிட்டது. அதற்குக் குங்குமம் மட்டும்தான்.

டிவியில் எழுத்து வந்தது: *நிறுத்தப்பட்டுள்ளது. பூஜையில் வைத்தவற்றை எடுத்து முடித்தால் தொடரும்.*

அதில் நியாயம் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துப் புழங்க வேண்டும். மதி கெமிஸ்ட்ரியில் ஒரு பக்கம் படித்திருந்தாள். அம்மா வெறும் மிக்ஸியை ஒரு சுற்று ஓட்டியிருந்தாள். கேம்களை மட்டும் யாரும் எடுத்து ஆடவில்லை. அவை செழியன் வாங்கியவை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒன்று வாங்கினான். "உனக்குப் பத்தாவது முடியட்டும், சேந்து ஆடலாம்" என்றான். பத்தாவது முடிந்தது. அவனுக்கு நைட் ஷிஃப்ட் வந்தது. அவளுக்கு டியூஷன் வந்தது. டிஸ்குகள் ஏறிக்கொண்டே போயின.

"அம்மா, அண்ணன் அசையவே மாட்றான்."

"எங்க போய்டுவான்? இங்கதான நிக்கிறான். இவ்ளோ நாளா அவன் முகத்தப் பாக்கவே முடியல. இப்பதான் பாக்குறேன்."

"அவனுக்குக் காதுகிட்ட ஒரு மச்சம் இருக்கும்ல. அத காணோம்மா."

"தூசிடி. துடைச்சா வரும்."

மதி துடைத்தாள். வரவில்லை. மச்சம் இருந்த இடம் வழவழவென்று, யாரோ அவசரமாகப் பூசிய சுவர் மாதிரி இருந்தது. முதல் டிஸ்கை உள்ளே தள்ளினாள்.

அப்டேட் ஆரம்பித்தது.

நீலக் கோடு ஒன்று டிவிக்குள் மெல்ல வளர்ந்தது. டிவி முடிந்ததும் சுவருக்கு வந்தது. சுவரிலிருந்து கதவு வழியாக வெளியே போனது. எங்கே முடிகிறது என்று பார்க்க மதி அதன் பின்னாலேயே நடந்தாள். அவர்கள் மாடியில் இருப்பது நான்கே வீடு. இன்று வராண்டா நீண்டுகொண்டே போனது. எல்லாக் கதவும் பக்கத்து வீட்டு ரோஸ்லின் ஆன்ட்டியின் கதவாகவே இருந்தது. கடைசியில் ஒன்றைத் தட்டினாள்.

ஆன்ட்டியின் தலைக்கு மேலே, கேமில் வேலை சொல்பவர்களுக்கு வருவதுபோல, மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி மிதந்தது. நீலக் கோடு அவர் அடுப்புக்கு மேலே ஓடியது.

"உங்க வீட்டு அப்டேட்டாடி இது? என் தாளிப்புக்குக் குறுக்க போகுது."

"சாரி ஆன்ட்டி. இப்ப முடிஞ்சிடும்."

"கேபிள்காரனும் அதத்தான் சொன்னான். வந்தது வந்த, கொஞ்சம் கறிவேப்பில வாங்கிட்டு வந்துடு பாப்பா."

"ஆன்ட்டி, எங்கண்ணன் அங்க..."

"கறிவேப்பில வந்தாத்தான் இது நகரும் போல. பாரு, நின்னுடுச்சு."

கோடு நின்றிருந்தது.

மதி கீழே போனாள். கறிவேப்பிலைக்காரர் தலைக்கு மேலும் குறி இருந்தது. மோட்டார் ரூம் சாவியை வாட்ச்மேனிடம் வாங்கித் தந்தால் இலை தருகிறேன் என்றார். வாட்ச்மேனுக்குத் தன் செருப்பு எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது. செருப்பைப் போட்டிருந்த பையன், என் பட்டத்தை மரத்திலிருந்து எடுத்துக் கொடு என்றான். பட்டம் அவளுக்கு எட்டவில்லை. பக்கத்தில் ஏணி வைத்திருந்த பெயிண்டர், "ஏணி தரேன்மா, ஆனா ரோஸ்லின் மேடம் வீட்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிட்டு வா" என்றார்.

ஆன்ட்டி தண்ணீர் கொடுத்தார். எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிச் சென்றது. மதி கறிவேப்பிலையோடு வந்து நின்றாள்.

"கொத்தமல்லிதான கேட்டேன்?" என்றார் ஆன்ட்டி.

மதி அழவில்லை. கறிவேப்பிலையைத் தரையில் ஓங்கி அடித்தாள். அது சத்தமே போடவில்லை.

"சரி சரி, இதையே போட்டுக்கறேன். பெத்தவங்ககிட்ட இப்டிக் கோவப்படாத."

"நீங்க எங்கம்மா இல்ல ஆன்ட்டி."

"அதான் சொல்றேன்."

கோடு ஓர் அரிசி அளவுக்கு நகர்ந்தது. பிறகு முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது சோபாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. சட்டைப் பையில் ஒன்றுமில்லை. கேமோடு வந்த பயிற்சியாளர் என்று அம்மா சொன்னாள்.

"வணக்கம்," என்றார் அவர். "நடக்க, கண்ட்ரோலரின் இடது குச்சியை முன்னால் தள்ளவும்."

"தெரியும் சார்."

"தெரியும் எனில், மூன்று முறை குதித்துக் காட்டவும்."

"எதுக்கு?"

"காரணம் பின்னர் விளக்கப்படும்."

குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்தார். பயிற்சியாளர் திருப்தியாகத் தலையசைத்து, கதவைத் திறப்பது எப்படி என்று ஆரம்பித்தார். கேமில் கதவே இல்லை. அது ஒரு படகு ஓட்டும் கேம். ஆனாலும் மதி பாத்ரூமுக்குப் போனபோது பின்னாலேயே வந்து, "திறக்க, தாழ்ப்பாளை விலக்கவும்" என்றார்.

அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். "பருக, டம்ளரைச் சாய்க்கவும்" என்று தனக்குத் தானே சொல்லிவிட்டுக் குடித்தார்.

"எவ்ளோ பொறுமையா சொல்லித் தர்றாரு," என்றாள் அம்மா. "உன் டியூஷன் சாரும் இருக்காரே."

மதி துடுப்பு போட்டாள். குழாயில் உப்புத் தண்ணீர் வரும்வரை போட்டாள். படகு கரை சேர்ந்தது. முடிந்ததும் கேமைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே போக ஆரம்பித்தன. நிறுத்த முடியவில்லை. தாண்டவும் முடியவில்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம அம்பத்தூர்க்காரங்க யாராவது இருக்காங்களா பாரு."

"இருக்க மாட்டாங்கம்மா."

"பாக்காமயே சொன்னா?"

அடுத்தது போர் கேம். மழை பெய்கிறது என்று அதன் சிப்பாய் கூடாரத்தை விட்டு வெளியே வர மறுத்தான். அவள் குடையை எடுத்து டிவிக்கு முன்னால் பிடித்த பிறகுதான் வந்தான். ஒரு கேமில் ராஜா தன் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தார். டிராகனைப் பற்றிக் கேட்டால், "அது கிடக்குது, பார்க்கிங் வசதியோட ஒரு மண்டபம் சொல்லும்மா" என்றார். மதி பல்லைக் கடித்துக்கொண்டு அயனாவரத்தில் ஒன்று சொன்னாள்.

ஒவ்வொன்றாக முடித்தாள். முடிக்க முடிக்கச் செழியன் குறைந்துகொண்டே வந்தான். சட்டையின் கோடுகள் போயின. மூக்கு சதுரமானது. பிறகு விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளைக் காணோம்.

"அம்மா, பயமா இருக்கும்மா. அவன் கையப் பாரேன். கரண்டி மாதிரி இருக்கு."

"சின்னதுல அப்டித்தான் இருந்துச்சு. வளர்ந்தா சரியாய்டும்."

"அவனுக்கு இருபத்தி நாலு வயசும்மா!"

"எனக்குத் தெரியாதா? நான்தான பெத்தேன்?" அம்மா அவன் முழங்கையிலிருந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியாக ஒரு டிஸ்க் மிச்சமிருந்தது. செழியன் முதன்முதலில் வாங்கியது அதுதான். அட்டையில் 'இருவருக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. மதி பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தாள். உள்ளே தள்ளினாள்.

*இடம் போதவில்லை,* என்றது டிவி. *எதையாவது நீக்கவும்.*

திரையில் அவர்கள் வீடு வந்தது. எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டியது. மதி ஃபிரிட்ஜை நீக்கினாள்.

"பால் எங்கடி?" அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"டெலீட் பண்ணிட்டேன்."

"தயிருக்கு ஒர ஊத்திட்டுப் பண்ணக் கூடாதா?"

போதவில்லை. மாடிப்படியை நீக்கினாள். கீழே யாரோ திட்டுவது கேட்டது. பயிற்சியாளரை நீக்கப் பார்த்தாள். அவர் அடிப்படை வசதி என்று வந்தது. கெமிஸ்ட்ரியை நீக்கினாள். அது ஏற்கெனவே காலி. அப்பாவுக்குத் துளி இடம்தான் இருந்தது. ஷார்ஜாவிலிருந்து குரல் மட்டும்தானே வருகிறது. அவரைத் தொடவில்லை.

பெரிய இடம் செழியனுடையது. திறந்து பார்த்தாள். உள்ளே பைக் இருந்தது. நைட் ஷிஃப்ட் இருந்தது. அதை நீக்கினாள், துணுக்குதான் கிடைத்தது. வீட்டில் இன்னும் சொல்லாத சங்கமித்ரா என்று ஒரு பெண் இருந்தாள். மதி வேகமாகத் தாண்டினாள்.

அடியில் 'தங்கை' என்று ஒன்று இருந்தது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் பாதி வராது. இவ்வளவு இடத்தை அதற்கு விட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. கடைசி கேமுக்கு வேண்டிய இடம் சரியாக அவ்வளவு.

"வேற எதாவது இருக்கா சார்?" என்று பயிற்சியாளரிடம் கேட்டாள்.

"நீக்க, பட்டனை அழுத்திப் பிடிக்கவும்."

"அதக் கேக்கல. வேற வழி இருக்கான்னு கேக்குறேன்."

"அழுத்திப் பிடிக்கவும்," என்றார் அவர். பிறகு முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மதி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது காதும் இல்லை. திறந்திருந்த வாய் ஒரு கறுப்புக் கட்டமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் மூடிக்கொள்ளும்.

"லூசு," என்று அவனைத் திட்டினாள். "எவன்டா உன்ன இவ்ளோ வெக்கச் சொன்னது?"

அழுத்திப் பிடித்தாள்.

கேம் திறந்தது. ஒரு பெரிய கல் கதவு. இருவர் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். *இரண்டாவது ஆள் பட்டனை அழுத்தவும்.* இரண்டாவது ஆள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறான். அவன் தொடர வேண்டுமானால் கேம் முடிய வேண்டும். மதி டிவியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னாள். அம்மா இருக்கும்போது அவள் சொன்னதே இல்லை.

பிறகு எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். தன் கண்ட்ரோலரை வலது கையில் பிடித்தாள். இடது கையால், ஒட்டாமல் மிச்சமிருந்த அவன் கட்டை விரலை எடுத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். விரல் குளிர்ந்திருந்தது. திரையில் இரண்டு உருவமும் கதவில் கை வைத்தன. கதவு நகர்ந்தது.

அப்படியே கேம் முழுவதையும் ஆடினாள். பள்ளம் வந்தால் அவனைத் தாண்ட வைத்துவிட்டுத் தான் தாண்டினாள். சில இடங்களில் அவன் விழுந்தான். சில இடங்களில் அவள் விழுந்தாள். விழுந்தவரை மற்றவர் கை கொடுத்துத் தூக்கினால்தான் மேலே போக முடியும். இரண்டு கையும் அவளுடையதே. தோள் வலித்தது. கடைசி மலை உச்சியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

கடலை வாயில் விழுந்தது.

செழியன் மென்றான். மூக்கு இருந்தது, காது இருந்தது, சட்டையில் கோடு இருந்தது. அவன் தன் விரல் மேலிருந்த அவள் விரலைப் பார்த்தான். மெதுவாகக் கையை விலக்கிக்கொண்டான்.

"சாரிங்க," என்றான். "கவனிக்கல. ரொம்ப நேரமா நிக்கிறீங்களா? உக்காருங்க."

மதி உட்கார்ந்தாள்.

"அம்மாவப் பாக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. கேம் ஆட வந்தேன்."

"ஓ." அவன் தரையில் பிரித்துப் போட்டிருந்த அட்டைகளைப் பார்த்தான். "எல்லாத்தையும் முடிச்சிட்டீங்களா? தனியாவா?"

"இல்ல. எங்கண்ணன் கூட."

"பரவால்லங்க, உங்களுக்கு ஆள் இருக்கு." அவன் ஓர் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இதெல்லாம் நான்தான் ஒண்ணொண்ணா வாங்கி அடுக்குனேன். யாருக்குன்னுதான் தெரியல."

மதி சோபாவில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.