ஏற்காட்டு அறை

முறத்திலிருந்த உப்பைப் பரப்பி, பிரிசில்லா தூசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கடைசியாக வாரிய பாத்தியின் உப்பு அது. குழியில் பெட்டி இறங்கியதும் மனைவி முதலில் ஒரு கைப்பிடி உப்பு போட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் மண் போடலாம். உப்பளத்தில் வேலை செய்கிற அவர்கள் தெருவில் அப்படி ஒரு பழக்கம்.

"அம்மா, உப்பு ரெடி. நீதான் மொதல்ல போடணும்."

ஞானமேரி திரும்பவில்லை. "எங்கிட்ட இன்னாத்துக்குக் காட்டற? மலைக்காரி வர்றா இல்ல, அவகிட்டயே குடு."

பெட்டியைச் சுற்றி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் குரல் ஒரு மணியில் தடுமாறி, மறுபடி சேர்ந்துகொண்டது. காதுகள் மட்டும் சேரவில்லை. எல்லாம் இந்தப் பக்கமே இருந்தன.

அப்பா டோமினிக் வருஷாவருஷம் செய்த காரியம் ஊருக்கே தெரியும். ஐப்பசி மழை இறங்கி உப்பளம் முழுகியதும், ஒரு பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பி வருவார். கேட்டால், "சும்மாதான், சுத்திப் பாக்கறேன்" என்பார். உப்பளத்துக்காரன் எவனாவது சும்மா சுற்றிப் பார்க்க மலைக்குப் போவானா? "டோமினிக்குக்கு மேல ஒரு சின்ன வீடு இருக்குது" என்று பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள்தான் முதலில் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். தெருவே சிரித்தது, டோமினிக்கும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஞானமேரி ஒருத்திதான் சிரிக்கவில்லை. ஒரு வருஷம் கேட்டாள், இன்னொரு வருஷம் சண்டை போட்டாள், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு ஆயுசு அதிகம்.

நேற்று மதியம் சோற்றுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஐஸ் பெட்டி வந்து இறங்கும்போது அவருடைய போன் அடித்தது. எடுத்தது பிரிசில்லா.

"அண்ணே, தெய்வநாயகி பேசறேங்க. மழ புடிச்சிருச்சே, ரூமு கூட்டி வெக்கட்டுங்களா?"

பெண் குரல். பிரிசில்லா விஷயத்தைச் சொன்னாள். "நான் வர்றேங்க கண்ணு" என்ற பிறகு போன் அணைந்தது. ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

இப்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றால் போதும், பந்தலே எட்டிப் பார்த்தது. வெட்கமாக இருந்தாலும் பிரிசில்லாவும் பார்த்தாள். அப்பா போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் பொம்பளை எப்படி இருப்பாள் என்று மனசு ஓயாமல் அரித்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏம்பா, கோயில்ல ஃபாதர் காத்துனு இருக்காரு, தூக்கலாமா?" என்று அப்பாவோடு வேலை செய்த சகாதேவன் குரல் கொடுத்தபோதுதான் தெய்வநாயகி வந்தாள்.

அம்மா வயசுதான் இருக்கும். பஸ்ஸில் கசங்கிய சேலை, காதை மூடிக் கட்டிய மப்ளர், கையில் ஒரு துணிப்பை. மரக்காணத்துப் புழுக்கத்தில் அந்த மப்ளரைப் பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் இல்லை. வழி தானாகவே விலகியது. அவள் பெட்டியருகே நின்று, "என்னங்கண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

ஞானமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீ யாரு அவருக்கு?"

"எங்களுக்கு பஸ் ஸ்டாண்டாண்ட மெஸ்ஸுங்கக்கா. மாடியில ரூமு இருக்குதுங்க. அண்ணன் வருசா வருசம் மூலை ரூமுலதான் தங்குவாரு."

"கூட யாரு?"

"கூடயா?" தெய்வநாயகிக்குப் புரியவில்லை. "யாருமில்லீங்க. வெடியால டீ குடிச்சிட்டு ஏதாச்சும் ஒரு பஸ் ஏறுவாரு. ஒரு நாளைக்கி நாகலூரு, ஒரு நாளைக்கி கிளியூரு. பொழுது சாஞ்சா திரும்ப ரூமுக்கு வந்துருவாரு. மறுநாளைக்கி வேற பக்கம்."

"போயி?"

அவள் பைக்குள் கைவிட்டு, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தாள். கண்ணாடிக் குழல். பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உப்பு எத்தனை டிகிரிக்கு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற குழல். உப்பளத்தில் எல்லோர் கையிலும் பழகிய சாமான்தான். அது மலையிலிருந்து இறங்கி வந்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை.

"பஸ்ஸுல ஒடஞ்சிரும்னு எங்கிட்டயே குடுத்து வெச்சிட்டு வருவாருங்க. ஒவ்வொரு ஓடையா போயி, சொம்புல தண்ணி மோந்து இத உட்டுப் பாப்பாரு. நாக்குலயும் ஒரு சொட்டு வெச்சிப் பாப்பாரு. இன்னாண்ணே தேடறீங்கன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டதுக்கு, கடல்ல இருக்கற உப்பு அத்தனையும் மலையில இருந்து தண்ணியில கரைஞ்சி வருதாம், எம் பொண்ணு பொஸ்தகத்துல படிச்சா, அது எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்னாரு."

பிரிசில்லாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. ஏழாம் வகுப்பு அறிவியல். சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த அப்பா, தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு, "எந்த மலன்னு போட்டிருக்குது?" என்று கேட்டார். பரீட்சை அவசரத்தில் அவள், "எல்லா மலையும்தாம்பா" என்று பக்கத்தைத் திருப்பினாள். அதற்கப்புறம் அதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அழுகை கிளம்பியது. அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"அத வீட்டுல சொல்றதுக்கு இன்னா?" ஞானமேரியின் குரல் உடைந்தது. "இத்தினி வருசம் நான் வெந்து செத்தேனே!"

"நானும் கேட்டங்க. கடலாண்ட பொறந்துட்டு உப்பத் தேடி மலைக்கிப் போறான்னு ஊரு சிரிக்கும்னாரு."

கொளஞ்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞானமேரி கொஞ்ச நேரம் பெட்டிக்குள் இருந்த முகத்தையே பார்த்தாள். "இருந்துச்சா?" என்றாள்.

"என்னதுங்க?"

"உப்பு."

"ஒரு தடவகூட இல்லீங்கக்கா. குழலு அடியிலயே நிக்கும். பரவால்ல, அந்தாண்ட இன்னும் ஒரு ஓட இருக்குதாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு எறங்கி வந்துருவாரு."

சகாதேவன் மறுபடி வந்து நின்றார். கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. ஞானமேரி எழுந்து மகளிடமிருந்து முறத்தை வாங்கிக்கொண்டாள்.

கல்லறையில் பெட்டி இறங்கியதும் அவள் கைநிறைய உப்பை அள்ளினாள். குனிந்து, அவர் தலைப்பக்கமாகப் பார்த்து மெதுவாகத் தூவினாள். மூடியின்மேல் அது சரசரவென்று விழுந்தது. அதன் பிறகு எல்லோரும் மண் போட்டார்கள்.

கூட்டம் கலைந்தபோது தெய்வநாயகி திண்டிவனம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கண்ணாடிக் குழலை ஞானமேரியிடம் நீட்டினாள்.

ஞானமேரி அதை வாங்கவில்லை. "பஸ்ஸுல ஒடஞ்சிரும். உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அந்த மூலை ரூம வேற யாருனா கேட்டுக்கீறாங்களா?"

"இல்லீங்கக்கா."

"குடுத்துடாத."

தெய்வநாயகி குழலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். ஞானமேரி வலது உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, மகளோடு வீட்டுக்கு நடந்தாள்.