ஆள் வந்தால், ஆள் இருந்தால்

அப்பாவின் சக்கர நாற்காலி கறுப்புத் துணி அறைக்குள் உருண்டு வந்ததும் எதிரே இருந்த பலகையில் பச்சை எழுத்து எரிந்தது: ஆள் உண்டு. தரையில் வரைந்திருந்த வட்டத்துக்குள் நாற்காலியை நிறுத்திவிட்டு அம்மா ஒதுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் போனது. பச்சை அணைந்தது. சிவப்பு எரிந்தது: ஆள் இல்லை.

மகள் பாய்ந்து போய் அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை நீட்டினாள். உடனே பச்சை. மூச்சு சூடாக விரலில் பட்டது. கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மறுபடியும் சிவப்பு.

"என்னடி கண்ணு," என்றார் அப்பா, வார்த்தை வார்த்தையாக. "அதுக்குள்ள என்னை வழியனுப்பிட்டியா?"

"சும்மா இருங்கப்பா! பெட்டியில ஏதோ கோளாறு."

"பேச்சைப் பாரு," என்றாள் அம்மா, யாரைச் சொன்னாள் என்று தெரியாதபடி.

அப்பாவுக்கு நரம்பு நோய். உடம்பு மெல்ல மெல்ல விறைத்துக்கொண்டே வந்து, இப்போது முகம்கூட அவ்வளவாக அசைவதில்லை. சிரிப்பெல்லாம் கண்ணோடு சரி. காலையில் எழுந்ததும் மகள் முதலில் பார்ப்பது அவர் போர்வை ஏறி இறங்குகிறதா என்பதைத்தான். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்று அவள் கையால் செய்த பெட்டியே அதைப் பச்சையும் சிவப்புமாக எழுதிக் காட்டிவிட்டது.

அது கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சி. 'நம்மை மனிதராக்குவது எது?' என்பது தலைப்பு. சிலர் முகங்களை வரைந்திருந்தார்கள், சிலர் கைகளை. அவளோ கறுப்புத் துணியால் ஒரு சின்ன அறை கட்டி, ஆளைக் கண்டறியும் சென்சார் பெட்டியையும் அதோடு இணைத்த பலகையையும் உள்ளே வைத்தாள். உள்ளே வருபவர் ஏழையோ பணக்காரரோ, அறிவாளியோ அசடோ, பலகை எதையும் கேட்காமல் 'ஆள் உண்டு' என்று மட்டும் சொல்லும். இருப்பதே போதும் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. வகுப்பில் எல்லோரும் நின்று பார்த்தாயிற்று. ஒருவருக்கும் தவறியதில்லை.

சாயங்காலம் கதவு திறந்துவிடும். அப்பா பேருந்து ஓட்டிய காலத்துக் கூட்டாளிகள் எல்லாரும் வருகிறார்கள். "என் பொண்ணு செஞ்சதுல முதல்ல நான்தான் உக்காருவேன்" என்று அவரே சொல்லி அழைத்திருக்கிறார். அத்தனை பேர் பார்க்க, அவர் தலைக்கு மேலே சிவப்பில் 'ஆள் இல்லை' என்று எரிந்தால்?

அம்மா அப்பாவை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். மகள் மின்கலத்தை மாற்றினாள். சென்சாரின் மேலிருந்த வெள்ளைக் குமிழியைத் துடைத்தாள். பின்புறத் திருகைக் கடைசிவரை திருகி, அது உணரும் கூர்மையைக் கூட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். காலி அறைக்குச் சிவப்பு. சரிதான்.

அப்போது பச்சை எரிந்தது. ஆள் உண்டு.

"யாரு உள்ள?"

வட்டத்தில் யாரும் இல்லை. சிவப்பானது. பிறகு, யாரோ நிதானமாக நடந்து வந்ததைப் போல, மறுபடியும் பச்சை. உட்கார்ந்திருக்கும் அப்பாவை இல்லை என்கிறது. இல்லாத யாரையோ உண்டு என்கிறது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கால் எழவில்லை. எழாததால் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜன்னல் வெயில் பட்டுச் சூடேறிய திரை, காற்றுக்கு உப்பியது. பச்சை. தொங்கி நின்றது. சிவப்பு.

திரையா? திரை ஆளாம், அப்பா ஆள் இல்லையாம்!

ஜன்னலை அட்டையால் அடைத்தாள். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு முக்காலியைப் போட்டு வட்டத்துக்குள் தானே உட்கார்ந்தாள். அப்பாவைப் போலவே கைகளைத் தொடைமேல் வைத்து, முகத்தை இறுக்கி, ஆடாமல் அசங்காமல். சிவப்பு எரிந்தது. அவள் இருக்கிறாள். இதயம் காதுக்குள் அடிக்கிறது. எதிரே 'ஆள் இல்லை' என்கிறது. 'இருக்கேன்' என்று கத்தத் தோன்றியது. அப்பாவுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?

அப்போதுதான் சென்சார் விற்ற கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஆள் வந்தா காட்டும்மா." வந்தா! அவள் காதில் அது 'இருந்தா' என்றே விழுந்திருந்தது.

குமிழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வெப்பம் உணரும் இரண்டு கண்கள். மனித உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளி ஓயாமல் கசிகிறது. ஆள் நகரும்போது அது ஒரு கண்ணில் கூடும், மற்றதில் குறையும். சென்சார் அறிவது அந்த மாற்றத்தை மட்டுமே. மாறாமல் இருந்தால் ஆளும் ஒன்று, சுவரும் ஒன்று. வகுப்பில் யாருக்கும் ஏன் தவறவில்லை? ஒருவராவது சும்மா நின்றார்களா! தலையைச் சொறிந்தார்கள், கால் மாற்றினார்கள், கைப்பேசியை எடுத்தார்கள்.

காரணம் புரிந்தும் பயம் போகவில்லை. அப்பாவிடம் போய் அசையுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த தடுப்பில் வகுப்புத் தோழன் தன் சிலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் சுண்ணாம்பு அப்பியிருப்பதால் அவனுக்குச் 'சாந்து' என்று பெயர். அவன் செய்த தலை ஒரு மோட்டார் பீடத்தில் மெல்லச் சுற்றியது. அதன் மூக்கு ஒவ்வொரு முறை குறுக்கே வரும்போதும் பின்னால் இருந்த விளக்கு மறைந்தது, விலகியதும் தெரிந்தது. விளக்கு நின்ற இடத்தில்தான் நின்றது.

"சாந்து, உன் மோட்டார் வேணும்."

"என் தலை சுத்தாம நின்னுடும்டி!"

"உன் தலை மோட்டார் இல்லாமலே சுத்தும். குடுடா, எங்கப்பா உக்காரணும்."

அவன் திருப்புளியை எடுத்தான்.

தடித்த அட்டையை வட்டமாக வெட்டி, அதில் அகலமான ஜன்னல்கள் போட்டு, மோட்டாரில் பொருத்தி, சென்சாருக்கு முன்னால் சுற்றவிட்டார்கள். காலி அறைக்குச் சிவப்பு. சிவப்பாகவே இருந்தது. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பச்சை. மற்ற எல்லோரும் வெளியே போனார்கள். மகள் திரை இடுக்கில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். சிவப்பாக வேண்டிய நேரம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணு," என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "உன் வண்டி ஸ்டாப்புல நிக்கிற ஆளைப் பார்க்காமலே போய்ட்டிருந்துச்சு. இப்போ நின்னு ஏத்திக்குது."

கண்ணைத் திறந்தாள். பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

அட்டையும் சுவரும் ஒரே சூடு. அதனால் காலி அறையில் அட்டை சுற்றினாலும் சென்சாருக்கு மாற்றம் தெரியாது. அப்பாவின் உடம்பு அவற்றைவிடச் சூடு. அட்டை அவரை மறைத்து மறைத்துத் திறக்கும்போது அந்தச் சூடு வந்து வந்து போகிறது. சென்சாருக்கு அந்த மாற்றம் போதும். அவர் அசைய வேண்டியதில்லை. அட்டை சுற்றினால் போதும்.